வெள்ளைப் பீங்கான்

ஏலக்காட்டுக்குள் ஒதுங்குகிறவளுக்கு
எதுவும் தெரியாது.
கீழே சருகு, சுற்றிலும் தட்டை,
அட்டை ஏறுவதற்குள் எழுந்துவிட வேண்டும்.
யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்
போனதன் நிறத்தை?

நாலரைக்குக் கம்பத்தில் ஜீப் ஏறினால்
பதினாறு பேர், மடிமேல் மடி.
மேட்டுச் சோதனைச்சாவடி தாண்டும்போதுதான்
வானம் வெளுக்கும்.
வீட்டில் போனாலும் இருட்டில்தான் போவேன்.
இருபத்திரண்டு வருஷம் என் உடம்பு
எனக்குக் காட்டாத ஒன்றை
வண்டன்மேட்டில் முதலாளி கட்டிய புதுக் கக்கூஸ்
ஒரே காலையில் காட்டிவிட்டது.

வெள்ளைப் பீங்கான்.
அதில் சிவப்பு.

பீட்ரூட் என்று நினைத்தேன்.
பீட்ரூட் வாங்கி ஒரு மாதமாகிறது.
தூரமோ என்று நினைத்தேன்.
அது நின்று மூன்று தீபாவளி போய்விட்டது.
பிறகு, சூடு.
சூட்டுக்குள் எல்லாம் அடங்கும் எங்கள் பக்கம்:
கண் எரிச்சல், வாய்ப்புண்,
மருமகளின் பேச்சு.
துத்திக்கீரையைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கித் தின்றேன்.
கருணைக்கிழங்கு அவித்தேன்.
மருந்துக்கடையில் மூலம் என்று நானே பேர் வைத்தேன்.
அவரும் மறுக்கவில்லை,
அறுபத்தைந்து ரூபாய்.

தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிறது.
அதுதான் அதிலுள்ள வசதி.
ஒரு வாளி ஊற்றி
ஒரு வாரம் வாங்கினேன்.
ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்
இப்படித்தான் வாங்கினேன்.

பவுன்தாய்தான் கேட்டாள்,
ஜீப்பில் என் மடிமேல் உட்கார்ந்தபடி:
"எலும்பு குத்துதுக்கா.
தொடை எங்க போச்சு?"

அன்றைய கூலி போனால் போகிறதென்று
ஆஸ்பத்திரி முக்கில் இறங்கினேன்.
வீருசின்னம்மாள் என்ற பேரை
மூன்று தடவை கேட்டுச் சீட்டில் எழுதினார்கள்,
வயசு ஐம்பத்தொன்று.

"எத்ர நாளாயி?" என்றார் டாக்டரம்மா.
நாலு நாள் என்றேன்.
பேனாவைக் கீழே வைத்தார்.
நாலு மாசம் என்றேன்.

சொட்டாகவா, கலந்தா?
சிவப்பா, தார்போலக் கறுப்பா?
கறுப்பென்றால் அன்றைக்கே வரணும்.
நிற்காமல் கொட்டினாலும்
கண்ணைக் கட்டினாலும் அன்றைக்கே,
ராத்திரியானாலும்.
போகிற வழக்கம் மாறியதா?
வீட்டில் யாருக்காவது?

என் அண்ணன் நாற்பத்தெட்டில் போனான்.
வயித்துவலி என்று சொல்லியே எடுத்தோம்.
எந்த இடத்து வலியென்று
பதினாறாம் நாள்கூட ஒருவரும் பேசவில்லை.
அவனை இதோடு சேர்த்து
இன்றைக்குத்தான் நினைக்கிறேன்.

கையுறை மாட்டிக்கொண்டு
சுவரைப் பார்த்துப் படுக்கச் சொன்னார்.
சுவரில் ஒரு பல்லி.
அதுவும் நானும்
ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி இருந்தோம்.
அரை நிமிஷம்.
இந்த அரை நிமிஷத்துக்குப் பயந்தா
நாலு மாசம்?

"மூலம் உண்டு" என்றார்.
எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.
அவர் சிரிக்கவில்லை.
மூலம் இருக்கிறதென்றால்
வேறொன்றும் இல்லையென்று ஆகாதாம்.
அதைக் குழாய் விட்டுத்தான் பார்க்கணுமாம்.
தேனிப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

சாயங்காலம் சாவடியில் பையைத் தடவினார்கள்,
ஏலக்காய் இருக்கா என்று.
ஒரு கடிதம், ஒரு தூக்குவாளி.
கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
போ என்றார்கள்.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
என்னவாக இருக்குமென்று தெரியாது.
தெரியாததை எனக்குத் தெரிந்த பேரால்
கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் ஜீப்பில் கேட்டேன்,
சத்தமாகவே:
நீங்கள்லாம் பார்க்கிறீங்களா, போனதுக்கப்புறம்?

ஒருத்தி "ச்சீ" என்றாள்.
ஒருத்தி முந்தானைக்குள் சிரித்தாள்.
டிரைவர் துரைப்பாண்டி பாட்டைக் கூட்டி வைத்தான்.
பதினோராவது வளைவு வரை யாரும் பேசவில்லை.

தோட்டத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு
டயரை உதைத்துப் பார்க்கிறவன் போல
என் பக்கம் வந்தான்.

"யக்கா, அந்த டாக்டரம்மா
எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"